பேர் வெட்டாத சங்கு

கல்யாணமே பண்ணிக்கொள்ளாமல் தாத்தாவானவர் மரக்காணத்தில் ஒருத்தர்தான். உப்பளத்துக் கண்ணாயிரம்.

அவருடைய தங்கையும் தங்கை புருஷனும் எச்.ஐ.வி.யில் போய்ச் சேர்ந்தபோது, அவர்கள் மகள், ஐந்து வயதுப் பூங்குழலி அவர் கைக்கு வந்தாள். பிறக்கும்போதே அவளுக்கும் அந்தக் கிருமி வந்திருந்தது. மாத்திரையைக் கண்டாலே வாயைப் பூட்டிக்கொள்வாள். “இங்க பாரு, மாமாவும் போடுறேன்” என்று கண்ணாயிரம் ஒரு சத்து மாத்திரையை விழுங்கிக் காட்டினார். அன்றிலிருந்து தினமும் எட்டு மணிக்கு அவளுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. பத்தொன்பது வருஷமாக, இல்லாத வியாதிக்கு இவ்வளவு ஒழுங்காக மருந்து சாப்பிட்ட ஆள் ஜில்லாவிலேயே கிடையாது.

நடுவில் ஒரே ஒரு முறை அவள் ஏமாற்றினாள். பதினைந்து வயதில் போனில் எதையோ படித்துவிட்டு வந்து, “மாமா, கிருமி உள்ள இருந்தும் மாத்திரையே இல்லாம நல்லா இருக்குற பசங்க சில பேர் இருக்காங்களாம். உடம்பே சமாளிச்சுக்குதாம். நானும் அந்த கேஸா இருக்கலாம்ல?” என்றாள். அவர் சிரித்துவிட்டு மறந்துபோனார். அவள் மறக்கவில்லை. ஆறு மாசம் மாத்திரையை நாக்குக்கடியில் ஒதுக்கி, கொல்லையில் முருங்கை மரத்தடியில் துப்பினாள். ரத்தத்தில் எண்ணூறு இருந்த காவல் அணுக்கள் இருநூற்றுச் சொச்சத்துக்கு இறங்கின.

“அந்த மாதிரி பசங்க நூத்துல அஞ்சு பத்து பேர்தான்” என்றாள் மாத்திரை தரும் எச்.ஐ.வி. சென்டரில் ஆலோசனை சொல்லும் வைஜெயந்தி. “அவங்க உடம்பு எப்படி சமாளிக்குதுன்னு டாக்டருங்களே இன்னும் மண்டைய உடைச்சுக்குறாங்க. நீ அந்த லிஸ்ட்ல இல்ல. மாத்திரை கிருமிய கட்டிப்போட்டாதான் உன் காவல்காரங்க தலை தூக்குவாங்க.”

“முருங்க மரம் மட்டும் நல்லா கொழுத்துப்போச்சு மேடம்” என்றார் கண்ணாயிரம்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. அணுக்கள் ஏறின. கிருமி, டெஸ்டில் தட்டுப்படாத அளவுக்கு அடங்கியது. எல்லாம் தெரிந்தே ஜெயப்பிரகாஷ் அவளைக் கட்டிக்கொண்டான்; அவள் தனிக்குடித்தனம் போன பிறகும் ராத்திரி எட்டு மணி மாத்திரைக்குக் கண்ணாயிரம் அங்கே வந்துவிடுவார். இரண்டு மாசத்துக்கு முன் பெண் குழந்தை, அமுதவல்லி.

குழந்தைக்குக் கிருமி வந்திருக்கிறதா இல்லையா, அதுதான் இப்போது கேள்வி. ஆறு வாரத்தில் குதிகாலில் குத்தி, ரத்தச் சொட்டைக் காகிதத்தில் வாங்கிச் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். கிருமி ஒட்டாமலிருக்கக் குழந்தைக்குத் தினமும் தரும் தடுப்பு மருந்தை ஊட்ட வெள்ளியில் ஒரு சங்கு வாங்கி வைத்திருந்தார் கண்ணாயிரம். சீராகக் கொடுக்கும் பாத்திரத்தில் பேர் வெட்டிக் கொடுப்பதுதான் வழக்கம். ரிசல்ட் வரட்டும் என்று வெட்டாமலே டப்பாவில் வைத்திருந்தார். தினமும் வைஜெயந்திக்குப் போன் போட்டார்.

“வந்துச்சா மேடம்?”

“நீங்க போனை வெச்சாதாங்க நான் போய் பாக்க முடியும்.”

பொறுமை போய்விட்டது. ஒரு நாள் காலையில், “கொழந்தைக்குக் கடக்காத்து காட்டிட்டு வரேன்” என்று தூக்கிக்கொண்டு போனவர் ஒரு லேபில் நுழைந்தார்.

“ரெண்டு மாசக் கொழந்தைக்கு இந்த டெஸ்ட்டு சரியா சொல்லாதுங்க” என்றாள் அங்கிருந்த பெண்.

“ரத்தம்னா எல்லாம் ரத்தம்தானம்மா. எடு.”

இரண்டு கோடு விழுந்தது. இரண்டு கோடு என்றால் கிருமி உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்று பகல் முழுக்க அடுத்தவர் பாத்தியில் உப்பு வாரினார். ஆட்கள் கூப்பிட்டுச் சிரித்தபோதும் தலை நிமிரவில்லை.

எட்டு மணிக்குப் பூங்குழலி மாத்திரையை விழுங்கிவிட்டு நிமிர்ந்தாள். அவருடைய மாத்திரை தட்டிலேயே கிடந்தது.

“மாமா, என்ன ஆச்சு உனக்கு?”

லுங்கி மடிப்பிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். அவள் படித்தாள்.

“ஓ, இதான் கடக்காத்தா.”

அவள் எழுந்து போய்ப் பித்தளைக் குண்டானை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

“இதுல என்ன பேரு வெட்டியிருக்கு?”

“என் பேருதான். உன் கல்யாணத்துக்கு நான் குடுத்தது.”

“இதப் பாத்துட்டு ஒருத்தன், கண்ணாயிரம் இந்த வீட்டுலதான் குடியிருக்கான்னு சொன்னா சரியா?”

“இங்கதானே உக்காந்திருக்கேன்.”

“ஐயோ மாமா. நீ உன் வீட்டுக்குப் போனா குண்டானும் கூட எழுந்து வருமா? இங்கதானே இருக்கும்? கிருமிகூட சண்டை போட என் உடம்பு சாமான் செஞ்சு வெச்சிருக்கு. வயித்துல இருக்கும்போதே அதை இவளுக்கு சீரா குடுத்துட்டேன். இந்த டெஸ்ட்டு சாமான் இருக்குதான்னு மட்டும்தான் பாக்கும். அதுல யாரு பேருன்னு படிக்காது.”

“அதுக்கும் என்ன மாதிரி படிப்பு வரலையா?” கண்ணாயிரத்தின் முகம் கொஞ்சம் தெளிந்தது. “அப்போ கொழந்தைக்கு வரலைன்றியா?”

“அதையும் இது சொல்லாது மாமா. சென்னைக்குப் போயிருக்குதே, அதுலதான் கிருமியையே தேடுவாங்க. நீ மொதல்ல மாத்திரையப் போடு.”

சீட்டை எட்டாக மடித்த பிறகும் அவள் மடித்துக்கொண்டே இருந்ததைப் பார்த்தபடி அவர் மாத்திரையை விழுங்கினார்.

நான்கு நாள் கழித்து வைஜெயந்தியே கூப்பிட்டாள். மூன்று பேரும் குழந்தையோடு சென்டருக்குப் போனார்கள். லேப் விஷயத்துக்காக முதலில் கண்ணாயிரத்துக்கு நல்ல டோஸ் விழுந்தது. பிறகு வைஜெயந்தி காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள்.

“கிருமி இல்ல.”

“நல்லா தேடுனாங்களா மேடம்? இல்ல, நேரமாச்சுன்னு வீட்டுக்குக் கெளம்பிட்டாங்களா?”

“நல்லாவே தேடிட்டாங்க. இன்னும் டெஸ்ட்டு இருக்குது. ஒண்ணரை வருஷத்துல அம்மா குடுத்த சாமானெல்லாம் கரைஞ்சுடும். அப்போ கடைசியா ஒண்ணு. அதுவரைக்கும் உங்களுக்குக் கடக்காத்து கெடையாது.”

திரும்பும் வழியில் பாத்திரக் கடையில் இறங்கினார். கடைசி டெஸ்ட் வரைக்கும் காத்திருக்க அவரால் ஆகாது.

“கொடுத்தவர் பேரா, கொழந்தை பேரா?” என்று கேட்டார் பேர் வெட்டுகிறவர்.

“ரெண்டும் வெட்டு. யாரு குடுத்தது, யாருதுன்னு பின்னால எவனும் கொழம்பக் கூடாது.”

“எடம் பத்தாதுங்க.”

“பொடியா வெட்டுப்பா.”

அன்று சாயங்காலம் புதுச் சங்கில் மருந்தை ஊட்டினார். அமுதவல்லி இரண்டு நிமிஷம் யோசித்துவிட்டு, அத்தனையையும் அவர் சட்டை மேல் துப்பினாள்.

“ஆத்தா புத்தி அப்படியே இருக்குது” என்றார் கண்ணாயிரம், பெருமையாக.

“துடைச்சிட்டு மறுபடி ஊட்டு மாமா” என்றாள் பூங்குழலி. “முருங்க மரத்துப் பக்கம் மட்டும் தூக்கிட்டுப் போயிடாத.”