பிஸ்டலுக்குத் தேங்காய் எண்ணெய்

என்னிடம் ஒரு பிஸ்டல் இருக்கிறது என்று சொன்னால் எங்கள் ஆட்கள் முதலில் ஓரடி பின்னுக்குப் போவார்கள். பிறகு, தொட்டுப் பார்க்கலாமோ என்று கேட்பார்கள். இலங்கைப் பாஸ்போட்டோடு இருந்த காலம் முழுக்க இந்த நாட்டில் எங்களுக்குத் துவக்கு வாங்க அனுமதியில்லை. இந்த நாட்டுச் சிவப்புப் பாஸ்போட் கிடைத்ததும் மற்றவர்கள் கனடாவுக்குச் சொந்தக்காரரைப் பார்க்கப் போனார்கள். நான் வில் என்கிற நகருக்கு வெளியே இருக்கும் ஒரு குறி சுடும் சங்கத்தில் போய்ச் சேர்ந்தேன். கிழமை முழுக்க முதியோர் இல்லத்துச் சமையலறையில் பல்லில்லாதவர்களுக்குக் கரட் மசிக்கிற மனிதனுக்கு ஒருநாளாவது சத்தமாக ஏதாவது செய்யவேண்டும் போலிருக்கும். இதைவிட உயர்ந்த காரணம் எதையும் நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

சங்கத்தில் என்னை நல்ல மனிதன் என்பார்கள். நன்றாகச் சுடுகிறவன் என்று யாரும் சொன்னதில்லை. வருடாந்த விருந்துக்கு நான் பொரித்துக் கொண்டுபோகும் கட்லட்டுக்குத்தான் அங்கே மரியாதை. அப்படி இருக்கையில், போன இலையுதிர் காலத்தில் அணியின் நான்காவது ஆள் இடுப்பு எலும்புச் சத்திரசிகிச்சைக்குப் போனார். நால்வர் இல்லாவிட்டால் போட்டியில் அணியே இல்லை. வேறு ஆள் கிடைக்காததால் என் பெயரை எழுதினார்கள். நான் சேர்ந்த எட்டு வருடத்தில் முதல் தடவை. ஏழு நாளில் போட்டி.

அந்த வாரத்துப் பயிற்சியில் என் பிஸ்டல் சுட மறுத்தது.

காரணத்தைச் சொல்ல ஆகஸ்ட் மாதத்துக்குப் போகவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொதிக்கிற வெயில். பிஸ்டலைத் துடைக்க உட்கார்ந்தால் ஆயுத எண்ணெய்ப் போத்தல் காலி. ஞாயிறென்றால் இங்கே ஒரு கடையும் திறக்காது. குளியலறைத் தட்டில் தேங்காய் எண்ணெய் இருந்தது, அந்த வெக்கையில் தண்ணீர் மாதிரித் தெளிவாக. எண்ணெய் வைக்கிற விஷயத்தில் நாங்கள் கை சுருக்குகிறவர்கள் அல்ல. துளை தெரிந்த இடமெல்லாம் விட்டேன், தீபாவளிக்கு முழுக வார்ப்பதுபோல. அடுத்த பயிற்சியில் பிஸ்டல் வழுக்கிக்கொண்டு வேலை செய்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். இரசாயனக் கம்பனிகள் எல்லாம் மக்களை ஏமாற்றுகின்றன என்று எல்லோர் முன்னிலையிலும் ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன்.

சுட மறுத்த நாளோ ஒக்டோபர். திறந்த சுடுதளத்தில் காலையில் ஐந்து பாகை. பிஸ்டலின் மேல்பாகம் பின்னுக்குப் போனது, முன்னுக்கு வர யோசித்தது. குண்டின் பின்புறத்தைத் தட்டி வெடிக்கவைக்கிற, குண்டூசி போன்ற சுத்தியூசி உள்ளே ஒட்டிக்கொண்டு நின்றது. சங்கத்தில் ஆயுதங்களுக்குப் பொறுப்பானவர் ஓய்வுபெற்ற ரயில் மெக்கானிக்; சிரிப்பைச் சேமித்து வைக்கும் மனிதர். அவர் பிஸ்டலை வாங்கித் திறந்தார். தண்டவாளம் போன்ற இரண்டு விளிம்பிலும் வெள்ளையாக மெழுகு படிந்திருந்தது. நகத்தால் சுரண்டி மணந்து பார்த்தார்.

"லீவுக்குக் கடற்கரைக்குப் போன மணம்" என்றார். இங்கே வெயிலுக்குப் பூசுகிற கிரீமில் தேங்காய் மணக்கும்.

சுற்றி நின்றவர்கள் எனக்காகத் தங்கள் சப்பாத்துகளைக் கவனித்தார்கள். துவக்குத் திருத்துகிறவரிடம் கொடுக்கலாமென்றால் அது வேட்டைக் காலம். வேட்டைக்காரர்களின் துவக்குகள் அவரிடம் வரிசையில் நின்றன, மூன்று கிழமையாகும். சங்கத்து இரவல் பிஸ்டலோ ஏற்கெனவே அணியிலிருந்த பள்ளி ஆசிரியை கையில். நானே திருத்துகிறேன் என்றேன். மெக்கானிக் வெள்ளிக்கிழமை பின்னேரம் கொண்டுவரச் சொன்னார். தான் சோதித்துச் சரியென்றால் அணி போகும், இல்லையென்றால் பெயரை எடுத்துவிடுவார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வேலை முடிந்து மூன்று மணிக்குச் சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். குண்டுகள் எல்லாம் சங்கத்திலேயே பூட்டியிருந்தன; இருந்தாலும் உள்ளே வெறுமைதானா என்று மூன்று தடவை பார்த்தேன். வீட்டில் இருந்த ஆயுதங்கள்: ஒரு சுத்தியல், ஒரு இரண்டங்குல ஆணி, அலுமாரிப் பலகைகளைப் பூட்டிய காலத்துத் திருகாணி முடுக்கி. முடுக்கியின் நுனி ஆப்பு மாதிரிச் சாய்வானது. பிடியின் திருகாணியில் வைத்து முறுக்க அது வழுக்கி, திருகாணித் தலையில் ஒரு பிறை வரைந்தது. பாகங்களைப் பிணைத்து வைத்திருக்கும் ஊசித்தண்டை ஆணியால் தட்டினேன். தண்டு அசையவில்லை, ஆணி வளைந்தது.

மனைவி தேத்தண்ணியோடு வந்து நின்று பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ, உதுக்குப் பயந்துதானே நாங்கள் இஞ்ச ஓடி வந்தனாங்கள்?"

"ஓம். அப்ப அது வேலை செய்தது."

அவள் கோப்பையை, பிஸ்டலிலிருந்து தள்ளி, மேசையின் மற்ற மூலையில் வைத்துவிட்டுப் போனாள்.

நான் வாசிக்கிறவன். எதையும் வாசித்துவிட்டால் செய்துவிடலாம் என்ற நோய் எனக்குண்டு. அன்றைக்கு அது உதவியது. வாசித்ததில் விளங்கியது இது: பிஸ்டலைத் திருத்தப் பலம் தேவையில்லை, அளவு தேவை. செவ்வாயன்று கருவிக் கடைக்குப் போய், தண்டின் விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் தட்டூசிகள் ஒரு தொகுதி வாங்கினேன். கூடவே பித்தளைத் தலைச் சுத்தியல். உருக்கில் பட்டாலும் பித்தளைதான் நசியும், பிஸ்டலுக்குக் காயம் வராது. நுனி சாயாமல் நேராக இருக்கும் முடுக்கி ஒன்று, திருகாணித் தலையின் பிளவை விளிம்போடு விளிம்பாக நிரப்பும் அகலத்தில். தண்டைத் தட்டும்போது அது கீழே விழ ஒரு வழி வேண்டும். அதற்கு முதியோர் இல்லத்தில் கழித்துவிட்ட தடித்த பிளாஸ்டிக் வெட்டுப் பலகையில் மூன்று துளை போட்டேன்.

புதன்கிழமை தண்டு நாலு மெல்லிய தட்டில் இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் சுருள்வில் ஒன்று துள்ளி, கறித்தூள் போத்தல்களுக்குப் பின்னால் போனது. ஒரு மணி நேரம் முழங்காலில் நின்றேன். அதைக் கண்டெடுத்தவள் மனைவி. உறைபெட்டிக்குக் கறி போட்டு வைக்கிற பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றையும் எடுத்து நீட்டினாள்.

"உதுக்குள்ள கையை விட்டுச் செய்யுங்கோ. துள்ளினாலும் பைக்குள்ளதானே கிடக்கும்."

வாசித்த பக்கங்களில் இதை ஒருவரும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

உறைந்த கொழுப்பைக் கரைப்பானில் ஊறவைத்து, பல்துலக்கியாலும் பஞ்சுக் குச்சியாலும் ஒவ்வொரு துளையாக எடுத்தேன். வியாழன் பாகங்களைத் திரும்பப் பூட்டினேன். எல்லாம் பூட்டி முடிய மேசையில் அரிசிமணி அளவு உலோகத் துண்டொன்று மிச்சமிருந்தது. பிஸ்டல் அது இல்லாமலும் அசைந்தது. அப்படியே விட்டுவிடலாம் என்று ஒரு குரல் உள்ளே சொல்லத்தான் செய்தது; ஆகஸ்ட் மாதம் பேசிய அதே குரல். திரும்பப் பிரித்தேன். படம் எடுத்து எடுத்துப் பிரித்தேன். வெள்ளி மத்தியானம் மூன்றாந்தரம் பூட்டியபோது மேசை வெறுமையாக இருந்தது. சங்கத்தார் கையாலேயே வாங்கிய ஆயுத எண்ணெயை ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு சொட்டு மட்டும் வைத்தேன். என் கைக்கு அது பெரிய அவமானமாக இருந்தது.

பின்னேரம் மெக்கானிக் பிஸ்டலைத் திறந்தார், விளக்கின் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்தார், மணந்தும் பார்த்தார். பிறகு வெறும் குழாய்க்குள் ஒரு பென்சிலை இறக்கி, வாயை மேலே பிடித்து விசையை இழுத்தார். சுத்தியூசி தட்டிய தட்டில் பென்சில் எகிறிக் கூரைப் பலகையில் பட்டு விழுந்தது. இன்னும் இரண்டு தரம் அப்படியே செய்தார். கடைசியாக, பிறை விழுந்த திருகாணியில் பெருவிரலை வைத்தார்.

"இது அசிங்கம்" என்றார். "நாளைக்குச் சுடு."

சனிக்கிழமை காலை நாலு பாகை. மூச்சு புகையாகப் போனது. முதல் குண்டு போனதும் நான் இலக்கைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்தேன். மேல்பாகம் பின்னுக்குப் போய், யோசிக்காமல் முன்னுக்கு வந்து பூட்டிக்கொண்டது. முப்பது குண்டுக்கும் அப்படியே. எங்கள் அணி பதினோராவது. அணிக்குள் நான் மூன்றாவது, ஆசிரியைக்கு வெகு கீழே. இலக்குத் தாளில் இடது பக்கம் அலைந்த துளைகள் எல்லாம் நான் செய்தவை. பிஸ்டலுக்கு அதில் ஒரு பங்கும் இல்லையென்று மெக்கானிக் கையெழுத்திட்டுத் தருவார்.