முழுத் திருப்தியுடன் கேட்பவர்

வாகன ஏலத்தில் கையில் கொடுக்கும் எண் அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வாசகம் இருக்கும். “இதை வைத்திருப்பவர் வாகனத்தை நேரில் கண்டு, முழுத் திருப்தி அடைந்து, எவர்மீதும் ஐயமின்றி, தம் சொந்த நம்பிக்கையின் பேரில் ஏலம் கேட்பவர் ஆவார்.”

அந்தச் சனிக்கிழமை அட்டையை வாங்கிய பூட்டுக்காரர் தம் வாழ்நாளில் எதிலாவது முழுத் திருப்தி அடைந்ததாக அவர் மனைவிக்கு நினைவில்லை. கல்யாணப் புகைப்படத்தில்கூட எல்லோரும் கேமராவைப் பார்க்க, அவர் மட்டும் பக்கவாட்டில் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பார். தாழ்ப்பாள் சரியாக விழவில்லையாம்.

குற்றம் முழுக்க அவருடையது என்று சொல்லிவிட முடியாது. தொழில் அப்படி. சாவியைத் தொலைத்துவிட்டேன், கதவைத் திறந்து விடுங்கள் என்று கூப்பிடுகிறவன் அந்த வீட்டுக்காரன்தானா என்று யார் கண்டது? தொழிலுக்கு வந்த புதிதில், பால் பாக்கெட்டும் கையுமாக, கலைந்த தலையுடன் நின்ற ஒருவனுக்கு இரக்கப்பட்டுக் கதவைத் திறந்துவிட்டார். உள்ளே போனவன் டிவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பாலை மட்டும் வாசலில் விட்டுப் போயிருந்தான். அன்றிலிருந்து, “உங்க குளியலறை வாளி என்ன நிறம்?” என்று கேட்காமல் அவர் எந்தப் பூட்டிலும் கம்பியை விட்டதில்லை. தன் வாளியின் நிறம் தெரியாத வீட்டுக்காரர்கள் ஊரில் ஏராளம் என்பதும், அவர்களை அவர் வாசலிலேயே நிறுத்திவைத்தார் என்பதும் உண்மை. ‘வாளி’ என்ற பட்டப்பெயர் அவருக்கு வந்த வழி இதுதான்.

இப்போது அவருக்கு அவசரமாக ஒரு வேன் வேண்டும். பழைய வேன் நடுரோட்டில் கடைசி மூச்சை விட்டுவிட்டது. ஊருக்கு வெளியே இருக்கும் குடியிருப்புகளுக்கெல்லாம் பூட்டு மாற்றும் வேலை திங்கட்கிழமை தொடங்குகிறது. சாவி வெட்டும் இயந்திரத்தோடு வந்து நின்றால் வேலை அவருக்கு, இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு என்று நிர்வாகி சொல்லிவிட்டார். அடுத்த ஆள் ஏற்கெனவே புதுச் சட்டை தைத்துவிட்டதாகக் கேள்வி.

வண்டி விஷயத்தில் விவரம் தெரிந்தவர் குடும்பத்தில் ஒருவர் உண்டு. தங்கையின் கணவர், டாக்ஸி ஓட்டுகிறவர். போன வாரம் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, வாகன ஏலத்துக்குத் தானே கூட வருவதாகச் சொன்னார். சொன்னதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. போகும்போது பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, சாவி வெட்டும் இயந்திரம் இருக்கும் மேசையை நீளம், அகலம், உயரம் என்று அளந்து, செல்போனில் குறித்துக்கொண்டு போனார். டாக்ஸிக்காரருக்கு மேசை அளவு எதற்கு? பூட்டுக்காரருக்கு ஒரே ஒரு பதில்தான் தோன்றியது. மாப்பிள்ளை சாவிக் கடை வைக்கப்போகிறார். எனவே, “ஏலத்துக்கு அடுத்த மாசம் போலாம் மாப்ள” என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார். மனைவியிடமும் நாத்தனார் காதில் மூச்சு விடக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். மனைவி விடவில்லை. அதனால்தான் வினையே வந்தது.

ஏலக் கொட்டகையில் காலையில் வண்டிகளைப் பார்க்க விடுவார்கள். கதவைத் திறக்கலாம், எஞ்சினைப் போட்டுக் கேட்கலாம், ஓட்ட மட்டும் கூடாது. பூட்டுக்காரர் வரிசையின் கோடியில் நின்ற வெள்ளை வேனைப் பிடித்துக்கொண்டார். தரைவிரிப்பைத் தூக்கி முகர்ந்தார். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து, தண்ணீர்க் கறை இருக்கிறதா என்று பார்த்தார். கதவுப் பூட்டின் துவாரத்தில் மெல்லிய கம்பியை விட்டு எடுத்து, வெள்ளைக் கைக்குட்டையில் துடைத்தார். வெள்ளத்தில் நின்ற வண்டியை எவ்வளவு கழுவினாலும் பூட்டுக்குள் தங்கிய வண்டல் போகாது என்பது அவர் கண்ட உண்மை. கைக்குட்டை சுத்தமாக இருந்தது. அவர் முகம் வாடியது.

“இவ்வளவு சுத்தமா இருக்கே” என்றார் மனைவியிடம்.

“அழுக்கா இருந்தா வாங்குவீங்களா?”

“அழுக்கா இருந்தா அழுக்குன்னு தெரிஞ்சிடும்.”

அப்போது தொப்பி போட்ட வியாபாரி ஒருவர் பக்கத்தில் வந்து, இது தண்ணீரில் மிதந்த வண்டி, நமக்கு எதற்கு வம்பு என்று காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போனார். முன்பின் தெரியாத ஒருவர் நமக்கு நல்லது சொன்னால் அதில் அவருக்கு ஏதோ இருக்கிறது என்பது பூட்டுக்காரரின் வேதம். அந்தக் கணத்தில்தான் வண்டியை வாங்குவது என்று முடிவு செய்தார். திருப்தி பிறந்த இடம் அவ்வளவுதான்.

முடிவு செய்து, இயந்திரத்தை எங்கே வைக்கலாம் என்று நினைத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் போய்த் திரும்பியவர், அப்படியே ஒரு லாரிக்குப் பின்னால் ஒதுங்கி மனைவியையும் இழுத்துக்கொண்டார். வெள்ளை வேனுக்குள் மாப்பிள்ளை மண்டியிட்டு, அதே நாடாவால் அளந்துகொண்டிருந்தார். வெளியே தொப்பிக்காரர் ஏதோ சொல்ல, மாப்பிள்ளை சிரித்தார்.

“பாத்தியா. ரெண்டு பேரும் கூட்டு.”

போய்ப் பேசலாமே என்றார் மனைவி. கேட்டால் உண்மையையா சொல்லப்போகிறார் என்று பூட்டுக்காரர் வாயை அடைத்துவிட்டார்.

ஏலம் தொடங்கியபோது அவர் கொட்டகைத் தூணுக்குப் பின்னால் நின்றார். முகத்தைப் பார்த்தால் ஆசையைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், அட்டை பிடித்த கை மட்டும் தூணுக்கு வெளியே நீண்டது. வெள்ளை வேன் வந்தது. தொப்பிக்காரர் கொஞ்சம் ஏற்றினார். பூட்டுக்காரரின் கை உயர்ந்தது. எதிர்க்கோடியில் கம்பித் தடுப்பருகே இன்னொரு கை உயர்ந்தது. தொப்பிக்காரர் சீக்கிரமே விலகிக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு கைகள்தான். இது ஒரு படி ஏற, அது ஒரு படி ஏறியது. ஏலம் விடுகிறவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. அநாதையாகக் கிடந்த வேன் திடீரென்று ராஜகுமாரியாகிவிட்டது.

அது யாருடைய கை என்று தெரியாமல் பூட்டுக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தூணின் ஓரமாக ஒற்றைக் கண்ணை நீட்டினார். மாப்பிள்ளை.

“நம்மகிட்ட ஏத்தி வாங்கத்தான் இவரை நிறுத்தியிருக்காங்க” என்றார்.

மனைவி பணப்பையை மார்போடு அணைத்தபடி நிதானமாகப் பேசினார். “அன்னைக்கு நம்ம மேசையை அளந்தாரு. காலையில இந்த வண்டியை அளந்தாரு. நீங்க அடுத்த மாசம்னு சொல்லிட்டீங்க. வேலை திங்கக்கிழமைன்னு மாப்பிள்ளை அண்ணனுக்குத் தெரியும். இவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது.”

“சொந்தக் கடை வைக்கிறவனும் அப்படித்தான் அளப்பான்.”

“அளப்பான்.”

மனைவி மறுக்காததுதான் அவரைத் தடுமாற வைத்தது. ஒரே நாடா, ஒரே மேசை, இரண்டு கதைகள். எந்தக் கதை உண்மை என்று சொல்ல வாளி கிடையாது. மாப்பிள்ளை திருடனாக இருந்தால், அட்டையை இறக்கியதும் வேனும் போய்விடும், திங்கட்கிழமையும் போய்விடும். மாப்பிள்ளை மாப்பிள்ளையாகவே இருந்தால், பூட்டுக்காரர் தம் வீட்டுப் பணத்தைத் தாமே அடித்துத் துவைத்துக்கொண்டிருக்கிறார்.

ஏலம் விடுகிறவர் ஒரு தரம் என்றார். தூணைப் பார்த்தார்.

இரண்டு தரம் என்றார்.

தூணுக்கு வெளியே நீண்டிருந்த கை உள்ளே போய்விட்டது. நம்பிக்கையால் போயிற்றா, வலியால் போயிற்றா என்று அவரும் சொன்னதில்லை, மனைவியும் கேட்டதில்லை.

பணம் கட்டும் ஜன்னலருகே மாப்பிள்ளை திரும்பிப் பார்த்து ஆச்சரியப்பட்டார். “வந்துட்டீங்களா மச்சான்? சொல்லவே இல்ல. திங்கக்கிழமைக்குள்ள வேணுமேன்னு நானே கேட்டு எடுத்துட்டேன். உங்க மேசை கச்சிதமா உக்காரும், அளந்துட்டேன். உங்க தங்கச்சிகிட்டகூட சொல்லல, வாசல்ல கொண்டுவந்து நிறுத்திட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “கொஞ்சம் கூடத்தான் போச்சு. தூணுக்குப் பின்னாடி ஒரு திருட்டுப் பய. மூஞ்சியக் காட்டாம ஏத்திக்கிட்டே இருந்தான்.”

மனைவி கூரையைப் பார்த்தார். பூட்டுக்காரர் அட்டையை மெதுவாகச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

“காலம் கெட்டுக் கிடக்கு மாப்ள” என்றார்.

பணத்தை மனைவி கட்டினார். வழியெல்லாம் மாப்பிள்ளை வேனை ஓட்டிவர, பூட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து எஞ்சின் சத்தத்தில் குறை தேடிக்கொண்டே வந்தார். தொப்பிக்காரர் அப்படி என்ன சொல்லிச் சிரிக்கவைத்தார் என்பது மட்டும் இன்றுவரை அவருக்கு உறுத்தல்தான்.

வீட்டுக்கு வந்ததும் வேனின் எல்லாப் பூட்டுகளையும் கழற்றிப் புதிதாக மாற்றினார். புதுச் சாவிகளில் ஒன்றைத் தம் வளையத்தில் கோத்துக்கொண்டார். மற்றதை மாப்பிள்ளையிடம் கொடுத்தார்.