நான்காம் அறையின் சாவி

என் மேசைமேல் ஒரு பித்தளைச் சாவி இருக்கிறது. விரல் நீளமுள்ள மரத்துண்டு ஒன்றில், மீன்வலை பின்னும் நீல நைலான் நூலால் அது கட்டப்பட்டிருக்கிறது. மரத்துண்டின் ஒரு பக்கத்தில் வெள்ளை வண்ணத்தால் 4 என்று எழுதியிருக்கிறது, மறுபக்கம் வெறுமை. விடுதியின் பெயரோ ஊரின் பெயரோ அதில் இல்லை. என் மனைவி இறந்தபின், பயணங்களுக்கென்றே நாங்கள் வைத்திருந்த பழுப்புநிறப் பையைத் துடைத்து வைக்க எடுத்தபோது, ஊக்குகளையும் ஊசி நூலையும் அவள் வைத்திருந்த உள்ளறையில் இது கிடைத்தது.

இச்சாவியைப் பற்றியும் அவளைப் பற்றியும் எழுதும்போது, சரிபார்க்க முடிந்தவற்றை மட்டுமே எழுதுவதென்று முடிவு செய்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. துக்கம் கேட்க வந்தவர்கள், தில்லி கரோல் பாக்கில் உள்ள இந்த இரண்டாம் மாடி வீட்டின் கூடத்தில் அமர்ந்து, ஏறத்தாழ ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "அவங்க வாய் திறந்து ஒண்ணும் கேட்டதில்ல." அன்பினால்தான் சொன்னார்கள். நானும் தலையசைத்தேன். சில மாதங்களில் நானே அதைப் பிறரிடம் சொல்லத் தொடங்கியிருந்தேன். ஆனால் அது உண்மையன்று. அவள் ஒருமுறை கேட்டாள். இறந்தவரை உயர்த்துவதற்காகச் சொல்லும் பொய், அவர் உயிரோடிருந்தபோது சொன்ன சொல்லை அழித்துவிடுகிறது. நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் பிறருடைய பணிப்பதிவேடுகளைச் சரிபார்த்துக் கையொப்பமிடுவதே என் வேலையாக இருந்தது. என் வீட்டைப் பற்றிய வரி ஒன்று பிழையாக நிற்பதைக் காண மனம் ஒப்பவில்லை.

என்னிடமுள்ள சான்றுகள் சில. வண்டிகளின் எண்களும் விடுதிகளின் பெயர்களும் குறித்த ஒரு குறிப்பேடு, அதனுள் செருகிய இரசீதுகள், மஞ்சள் துணி ஒன்று, பிறகு இச்சாவி. எஞ்சியவை நினைவு. நினைவை மட்டும் நம்பிச் சொல்லும் இடத்தில் அதையும் சொல்லிவிடுவேன்.

அப்போது நாங்கள் கிட்வாய் நகர் அரசுக் குடியிருப்பில் இருந்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சொந்த ஊருக்குச் செல்ல அரசு தரும் பயணச் சலுகையில் திருநெல்வேலிக்குப் போய் வருவோம். அதற்கப்பால் ஆண்டுக்கு ஒரு பயணம் எங்கள் சொந்தச் செலவில் அமையும். திருவிழாவுக்குப் பெயர்பெற்ற நகரங்களும் கடலோரச் சிற்றூர்களும் அவளுடைய விருப்பம். அந்நகரங்களைத் திருவிழா முடிந்த மறுநாள் சென்றடைவது என்னுடைய ஏற்பாடு. பண்டிகையை ஒட்டி அலுவலகத்தில் அனைவரும் விடுப்புக் கேட்பார்கள். முடிந்தபின் கேட்பவர் எவருமிலர். விடுதிகளிலும் அன்றுதான் வாடகை பாதியாகும். கடலோர ஊர்களுக்கும் இதே முறைதான்: மற்றவர்கள் வெயில் காய வரும் மாதங்களை விட்டுவிட்டு நாங்கள் மழையில் போவோம்.

பக்கத்து மேசையில் இருந்த பஞ்சாபிக்காரர் ஒவ்வோர் ஆண்டும் என் விடுப்பு விண்ணப்பத்தைப் பார்த்துச் சிரிப்பார். "அரே பாய், பாராத் கிளம்பிப் போயாச்சு. இனிமேல் அங்கே டென்ட்வாலா மட்டும்தான் இருப்பான்." மாப்பிள்ளை ஊர்வலம் போனபின் பந்தல்காரனைத் தவிர யார் இருக்கப் போகிறார்கள் என்று கேலி. இதை வீட்டில் வந்து சொன்னபோது அவள் தோசையைத் திருப்பியபடியே, "டென்ட் அவுக்குறவனும் மனுசந்தான? நாம அவங்கூடப் பேசிட்டு வருவோம்னு சொல்லுங்க" என்றாள்.

அவள் அப்படியே பேசினாள். கொல்கத்தாவில் சிலைகளை ஆற்றில் கரைத்த மறுநாள் காலை நாங்கள் இறங்கினோம். தெருவெங்கும் மூங்கில்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கொசுவம் வைத்துத் தைத்த மஞ்சள் துணிகள் ஓரமாகக் குவிந்து கிடந்தன. அவள் தன் தில்லி இந்தியில், "பையா, இதை என்ன செய்வீர்கள்?" என்று ஒருவரைக் கேட்டாள். அவர் கத்தரிக்கோலை எடுத்து ஒரு நீளம் வெட்டி அவள் கையில் கொடுத்தார். கிட்வாய் நகர் வீட்டுச் சமையலறைச் சன்னலில் அது பல ஆண்டுகள் திரையாகத் தொங்கியது. இப்போதும் என்னிடம் இருக்கிறது. ஆகவே இதை ஐயமின்றி எழுத முடிகிறது. அன்று விடுதிக்காரர் எங்களுக்குத் தேங்காய் உருண்டை கொடுத்து, விழா முடிந்தபின் வீடு வருபவருக்கு இனிப்புக் கொடுக்காமல் அனுப்பக் கூடாது என்றார். "பாத்தியளா, நமக்குன்னே ஒரு நாள் வச்சிருக்காங்க" என்று அவள் என் காதருகே சொன்னாள்.

மைசூரில் அவள் வேறு விதமாகச் சொன்னாள். தசரா ஊர்வலம் முடிந்த மறுநாள், அரண்மனை வளாகத்தில் யானைகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நெற்றி வண்ணம் பாதி கரைந்து, ஒரு காது மட்டும் இன்னும் பூவேலையோடு நின்ற யானை ஒன்றை அவள் நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "பந்தியில எச்சில் இலை எடுக்குற நேரமாப் பாத்து வந்திருக்கோம்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தன்னைக் கண்டதும் யானை கண்ணை மூடித் திறந்தது என்று ஊர் திரும்பியபின் பலரிடம் சொன்னாள். நான் அதைக் காணவில்லை.

விடுதியை விட்டுப் புறப்படுவதற்கு எங்களுக்கென ஒரு முறை இருந்தது. கட்டிலின் அடியையும் கதவின் பின்புறக் கொக்கியையும் குளியலறை மாடத்தையும் நான் பார்த்துவிட்டு, "சரி" என்பேன். அதன்பின் அவள் கதவைப் பூட்டி, சாவியைக் கொண்டுபோய் உரியவர் கையில் கொடுப்பாள். சோதிப்பது என் பொறுப்பு, ஒப்படைப்பது அவள் பொறுப்பு. ஒருமுறைகூட இது மாறியதில்லை. அதனால்தான் சாவி கிடைத்தபோது நான் வியப்பைவிட அச்சமே அடைந்தேன். குறிப்பேட்டைப் புரட்டினேன். வண்டி வந்த நேரம், தாமதம், வாடகை, வெந்நீர் உண்டா என்பதுவரை எழுதியிருந்த நான், எந்த ஊரிலும் அறை எண்ணை எழுதியிருக்கவில்லை. ஆகவே எல்லாப் பயணங்களையும் மனத்தில் ஓட்டி, அவள் சாவியை ஒப்படைத்ததை நான் கண்ணால் காணாத இடம் எது என்று தேடினேன். ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வர்க்கலை.

அது நான் ஓய்வுபெறுவதற்கு இரண்டு ஆண்டுகள் முந்திய பயணம். திருவனந்தபுரத்தில் ஓண விழா முடிந்த மறுநாள் இறங்கினோம். மரங்களில் சுற்றியிருந்த மின்விளக்குச் சரங்களை ஏணி வைத்துக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். வாசல்களில் பூக்கோலங்கள் வாடி, நடுவில் மட்டும் நிறம் மிச்சமிருந்தது. அங்கே ஒரு நாள் தங்கிவிட்டு, பக்கத்துக் கடலோர ஊரான வர்க்கலைக்குப் போனோம். கணவரை இழந்த அம்மையார் ஒருவர் தம் வீட்டின் மேல்மாடியில் நான்கு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தார். எங்களுடையது கடைசி அறை. மூன்று நாளும் மழை. கடலில் இறங்கக் கூடாதென்று சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். அவள் சன்னல் கட்டையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு அமர்ந்து, இரண்டு தென்னைகளுக்கு நடுவே தெரிந்த கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே அம்மையாரோடு தேங்காய் துருவினாள். திருநெல்வேலி எள்ளுப்பொடியை அவருக்குக் கொடுத்து, பதிலுக்கு நேந்திரங்காய் உப்பேரி வாங்கிவந்தாள். இருவரும் ஒருவரையொருவர் சேச்சி என்று அழைத்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் மாலை மழை விட்டது. நான் பையை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏங்க, இன்னும் ஒரு நாள் இருந்துட்டுப் போவமா?"

"நாளைக்கு இங்க என்ன இருக்கு?"

"ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான் கேக்கேன்."

"டிக்கெட் கன்பர்ம் ஆயிருக்குல்லா. லீவும் முடியுது. அடுத்த தடவை பாப்போம்."

"அடுத்த தடவையும் நீங்க திரும்புற டிக்கெட்ட மொதல்ல எடுத்துட்டுத்தான வருவிய?" என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு, "அச்சா, விடுங்க" என்று சன்னலிலிருந்து இறங்கி, காயப் போட்டிருந்த துண்டுகளை மடிக்கத் தொடங்கினாள்.

இந்த உரையாடலுக்கு நான் ஒருவனே சான்று. ஆயினும் இதில் ஒரு சொல்லும் கூட்டவில்லை. என்னைக் குறைவாகக் காட்டும் ஒன்றைக் கூட்டிச் சொல்வதால் எனக்குப் பயனில்லை. சரிபார்க்கத் தக்க இன்னொன்றும் உண்டு. ஒரு தொலைபேசி அழைப்பில் அந்த விடுப்பை ஒரு நாள் நீட்டியிருக்கலாம். ஓய்வுபெற்ற நாளில், பணமாக மாற்றத்தக்க முந்நூறு நாளுக்கு மேல் என் பெயரில் சேர்ந்திருந்த விடுப்பெல்லாம் பயனற்றுப் போயின. அவை எத்தனை என்பது எனக்குத் தெரியும். எழுத மனமில்லை.

மறுநாள் பகல் புறப்பட்டோம். அம்மையார் தம் தங்கை வீட்டு விருந்துக்குப் போயிருந்தார். சாவியைக் கீழ்ச் சன்னல் விளிம்பில் வைத்துவிடும்படி முன்பே சொல்லியிருந்தார். இரயில் நிலையம் செல்லும் பேருந்து தெருமுனைக்கு வந்துவிட்டது. "நீங்க ஓடிப்போய் பஸ்ஸ நிப்பாட்டுங்க. நான் சாவிய வச்சிட்டு ஜல்தியா வாறேன்" என்று அவள் திரும்பிப் போனாள். நான் படியில் ஒரு காலை வைத்து நடத்துநரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அவள் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி ஓடிவந்து ஏறினாள். மூச்சு வாங்கியது, முகம் சிரித்திருந்தது. "வச்சிட்டியா?" என்று கேட்டேன். "ம்" என்றாள்.

அதன்பின் அவள் வர்க்கலையைப் பற்றி என்னிடம் பேசவில்லை. நான் ஓய்வுபெற்றேன், அரசு வீட்டைக் காலி செய்து கரோல் பாக்குக்கு வந்தோம். பிறகு பெருந்தொற்று. அது தணிந்தபோது அவளுடைய சிறுநீரகங்கள் பழுதாயின. வாரத்தில் இரண்டு நாள் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. தன்னால் இயலாத ஒன்றைக் கேட்டு என்னை வருத்த வேண்டாமென்று அவள் எண்ணியிருக்கலாம் என எழுதத் தோன்றுகிறது. ஆனால் அது என் ஊகம். ஆகவே அதை ஊகமென்றே கொள்க. அவள் இறந்து இரண்டு குளிர்காலங்கள் ஆகின்றன.

சாவி எந்த ஊருடையது என்று தெளிந்தபின், இரசீதில் இருந்த கைப்பேசி எண்ணுக்குத் தயக்கத்தோடு பேசினேன். அம்மையாரே எடுத்தார். "தில்லியிலிருந்து பேசுறேன், சில வருசத்துக்கு முன்னால ஓணம் முடிஞ்சு..." என்று தொடங்கினேன். அவர் முடிக்க விடவில்லை. பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக, "நாலாம் நம்பரா? தாக்கோல் கொண்டுபோன சேச்சியோட சார்தானே?" என்றார். அவர்கள் சாவியைத் தாக்கோல் என்பார்கள். பிறகு, "சேச்சிக்குச் சுகந்தன்னே? ரெண்டு ஓணமா விளிக்கலயே" என்று கேட்டார்.

நான் சொன்னேன். பின்னணியில் ஒரு சேவல் கூவியது. அதன்பின் அவர் கூறியவற்றை அவர் சொன்னபடியே தருகிறேன். நாங்கள் ஊர் திரும்பிய சில நாள்களில் அவள் தொலைபேசியில் அழைத்து, தாக்கோல் தன்னிடமே வந்துவிட்டது, தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறாள். வேண்டாம், வேறொன்று இருக்கிறது, வரும்போது கொண்டுவந்தால் போதும் என்று இவர் சொல்லியிருக்கிறார். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் ஓணத்துக்கு மறுநாள் அவள் அழைத்திருக்கிறாள். "ஓணத்தன்னைக்கு விளிக்க மாட்டா. மறுநாள்தான். 'இந்த வருசமும் வர முடியல சேச்சி, தாக்கோல் பத்திரமா இருக்கு'ன்னு சொல்லும். அதுக்குப் பெறகு மழ உண்டான்னு கேக்கும்."

எத்தனை ஆண்டுகள் என்பதை அவரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நான் ஓய்வுபெற்று வீட்டில் இருந்த ஆண்டுகளிலும் அந்த அழைப்புகள் நிகழ்ந்திருக்க வேண்டும். பால் வாங்கவோ கோல் மார்க்கெட்டில் நண்பரைப் பார்க்கவோ நான் இறங்கிச் சென்ற நேரத்தில் அவள் பேசியிருக்கலாம். எல்லாவற்றையும் சரிபார்த்து வாழ்ந்த வீட்டில் ஒரு தொலைதூர அழைப்பு ஆண்டுதோறும் என் பார்வைக்கு வராமல் நடந்திருக்கிறது.

தொலைபேசியை வைப்பதற்கு முன், அந்த அறையின் பூட்டை மாற்றிவிட்டீர்களா என்று கேட்டேன். "எதுக்கு மாத்தணும்? தாக்கோல் நம்ம ஆளுக்க கையிலல்லே இருக்கு" என்றார் அம்மையார்.

வரும் ஓணத்துக்கு மறுநாள் வர்க்கலையில் இறங்கும்படி ஒரு சீட்டு வாங்கியிருக்கிறேன். திரும்புவதற்கான சீட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். பழுப்புநிறப் பை துடைத்துத் தயாராக இருக்கிறது. சாவியை மட்டும் இன்னும் அதில் வைக்கவில்லை. மேசைமேல், இந்தத் தாள்களுக்குப் பக்கத்தில், எண் தெரியும்படி கிடக்கிறது. அன்று சன்னல் விளிம்பில் வைக்கப் போனவள் அதை மறந்து பைக்குள் போட்டுக்கொண்டாளா, நினைவோடு போட்டுக்கொண்டாளா என்பது எனக்குத் தெரியாது. அம்மையாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை.