நிருபர் பப்படம் கேட்ட கேள்வி

அக்குறணைக் கடைத்தெருவில் முஹ்ஸினை முஹ்ஸின் என்று கூப்பிடுகிறவர்கள் குறைவு. பப்படத்தின் வாப்பா என்றால்தான் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஐம்பதைத் தாண்டியவர், திரைச்சீலைத் துணி வியாபாரி. சபையில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னால் தொண்டையைச் செருமிவிட்டு உட்கார்ந்துவிடுகிற ஆள். அப்படிப்பட்டவரின் வலது கை மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் கண்டியையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தது.

கொரோனாவுக்கு ஊரை அடைத்திருந்தபோது, வீட்டில் சும்மா இருக்க ஏலாமல், விற்காத துணித்துண்டுகளை வைத்து அவர் தைத்த பொம்மை அது. பஞ்சடைத்த தலை, காதுவரை நீண்ட வாய், ஒரு பழைய கோட், கையில் தேங்காய்ச் சிரட்டை அகப்பை. அகப்பைதான் மைக். கண்டி டவுனில் ஒரு மாடியறையில் சின்னதாகத் தொலைக்காட்சி நடத்தும் சதீஸ்குமார், தன் ஸ்டூடியோவுக்குப் பச்சைத் துணி வாங்க முஹ்ஸினின் கடைக்கு வந்தார். மேசையில் கிடந்த பொம்மையைப் பார்த்தார். துணியை மறந்துவிட்டு முஹ்ஸினைக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஸலாம், வணக்கம், ஆயுபோவன். சுடச்சுடப் பொரிச்ச செய்தியோட உங்கட நிருபர் பப்படம்." இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் தொடங்கும். அக்குறணை டவுனுக்குள் வெள்ளம் வந்தால் பப்படம் ஒரு பிளாஸ்டிக் பேசினில் மிதந்தபடி செய்தி சொல்லும். அம்பிட்டியவில் குரங்கு ஒன்று சோற்றுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, குரங்கின் பக்க நியாயத்தைக் கேட்கப் போனது. சனம் வயிறு குலுங்கச் சிரித்தது. திரையில் முஹ்ஸினை யாரும் கண்டதில்லை. அவர் ஏதாவது ஒரு துணிக்குப் பின்னால் முழங்காலில் இருப்பார்.

அவர் எதையும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. எழுதினால் வராது என்பார். கையை உள்ளே விட்டால் குரல் வரும், கையை எடுத்தால் போய்விடும், அவ்வளவுதான். இதைத் திறமை என்று ஊர் சொன்னது. முஹ்ஸினும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார், பிலிமத்தலாவைக்குப் போய் வரும்வரை.

அங்கே சண்முகநாதன் என்பவரின் பித்தளைச் சாமான் கடையில் படப்பிடிப்பு. குத்துவிளக்கு ஏன் இவ்வளவு விலை என்று கேட்டுக் கிண்டலடிப்பதுதான் ஏற்பாடு. பப்படம் அகப்பையை நீட்டியது. சண்முகநாதனின் சிரிப்பு நின்றது. பெரிய மனிதர், கமராவுக்கு முன்னாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வரும் வழியில் சதீஸ்குமார் மெதுவாகக் கேட்டார், அவருக்கும் அவர் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லையென்பது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று. முஹ்ஸினுக்கு விளங்கவில்லை. தான் விளக்கின் விலையைத்தான் கேட்டதாகச் சொன்னார். சதீஸ்குமார் அவரை ஒருமாதிரிப் பார்த்துவிட்டு, "இல்லண்ணே, தம்பி வீட்டுக்கு எப்ப போவீங்கன்னு கேட்டீங்க" என்றார்.

அந்தக் கதை எப்படியோ பரவிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள், கல்லாவுக்குப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்திருக்கும் பப்படத்தின் காதில் எதையாவது சொல்லத் தொடங்கினார்கள். முஹ்ஸின் துணி அளந்துகொண்டிருப்பார். ஓரக்கண்ணில் பார்த்தால் யாராவது ஒரு பெண் குனிந்து நிற்பாள். விளையாட்டு என்றுதான் நினைத்தார். ஆனாலும் சில சனிக்கிழமைகளில் பொம்மைக்குள் கையை விடும்போது உட்புறம் சூடாக இருக்கும், இப்போதுதான் வேறொருவர் கையை எடுத்தது போல. அதை ஆஸிகாவிடம்கூட அவர் சொல்லவில்லை. மனைவியிடம் சொன்னால் அன்றைக்கே பொம்மையை அடுப்பில் வைத்துவிடுவாள் என்று அவருக்குத் தெரியும்.

இப்படி இருக்கையில் மகள் நுஸ்ஹாவுக்குச் சம்பந்தம் கூடி வந்தது. மாப்பிள்ளை ஷப்ராஸ், கம்பளைக்காரன், நல்ல உத்தியோகம், குறை சொல்ல ஒன்றுமில்லை. மண்டபம் பார்த்தாயிற்று, சாப்பாடு பேசியாயிற்று, கல்யாணக் காட் அடித்து ஊரெல்லாம் கொடுத்தாயிற்று. அப்போதுதான் யாரோ ஒரு புண்ணியவான், பப்படத்தின் பழைய செய்தி ஒன்றைத் தேடியெடுத்து உறவுக்காரர்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டான்.

அது போன வருடம் எடுத்தது. கல்யாண மேடை சோடிக்கும் றிஸ்வியின் கடையில், மேடையை வாடகைக்கு எடுக்கலாம், மாப்பிள்ளையையும் எடுக்கலாமா என்று பப்படம் விசாரிக்கிறது. சோடனை வேலை செய்யும் இப்ஹாம் என்ற இளைஞன் கூச்சத்தோடு நிற்கிறான். பப்படம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, நிக்காஹ்வில் பெண்ணின் வாப்பா மாப்பிள்ளையிடம் சொல்லும் வார்த்தையைச் சொல்கிறது. இப்ஹாம் "ஏற்றுக்கொண்டேன்" என்கிறான். றிஸ்வியும் அவர் மச்சானும் பக்கத்தில் நின்று கைதட்டுகிறார்கள்.

முஹ்ஸினுக்கு அந்த நாள் நன்றாக நினைவிருந்தது. 'என் மகள் முறுக்கை' என்றுதான் சொன்னார். பப்படத்தின் மகள் முறுக்கு, அதுதான் பகிடி. இப்போது ஆஸிகாவின் கைத்தொலைபேசியில் பார்த்தால், கீச்சுக்குரல் தெளிவாகச் சொல்கிறது: "என் மகள் நுஸ்ஹாவை உமக்கு நிக்காஹ் செய்து தந்தேன்."

"எனத்துக்குங்க எங்கட புள்ளட பேர இதுக்குள்ள இழுத்தீங்க?" என்று ஆஸிகா கேட்டாள்.

அவர் கைத்தொலைபேசியை வாங்கி மேசையில் கவிழ்த்து வைத்தார்.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நிக்காஹ் விஷயத்தில் விளையாட்டாகச் சொன்னாலும் சொன்னதுதான் என்பது மத்ரஸாவுக்குப் போன பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். தகப்பன் வாயால் கொடுத்தார், ஒருவன் ஏற்றான், இரண்டு ஆண்கள் சாட்சி. ஷப்ராஸின் தாய்மாமன் வந்து, தேநீரைத் தொடாமலே, உங்கள் மகள் இன்னொருவனுக்குக் கட்டுப்பட்டவளா இல்லையா என்பதைத் தீர்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். விளையாட்டு வினையாகும் என்பார்கள், இங்கே அது வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது.

மறுநாள் கடையில் தனியாக இருந்து முஹ்ஸின் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். மேடைக்குப் பின்னால் ஒரு அலங்காரக் கண்ணாடி. அதில், துணிக்குப் பின்னால் மண்டியிட்டிருக்கும் அவர் முகம் ஓரமாகத் தெரிந்தது. மகளின் பெயர் ஒலிக்கும் இடத்தில் நிறுத்திப் பார்த்தார். அவருடைய வாய் மூடியிருந்தது.

கதிரையில் இருந்த பப்படத்தைத் திரும்பிப் பார்க்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. பார்த்தபோது அது எப்போதும் போலத்தான் உட்கார்ந்திருந்தது. ஒரு துணியை எடுத்து அதன் தலையோடு மூடிவிட்டு, அன்றைக்கு நேரத்தோடு கடையைப் பூட்டினார்.

பள்ளிவாசல் மௌலவியிடம் இந்தக் கண்ணாடிக் கதையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? பயித்தியம் என்பார்கள். பப்படம்தான் சொன்னது, நான் சொல்லவில்லை என்று மட்டும் முனகினார்.

"பொம்மைக்கு மகள் இல்ல, முஹ்ஸின் நானா" என்றார் மௌலவி. "வாய் உங்கட வாய், மகளும் உங்கட மகள். அது நிக்காஹ்தானா இல்லையா எண்டு தர்க்கம் வாணாம். அந்தப் பொடியன் சாட்சியோட வந்து, விட்டுட்டேன் எண்டு ஒரு வார்த்தை செல்லட்டும். சந்தேகம் தீர்ந்திடும்."

அம்பிட்டியவில் ஒரு மண்டபத்துக்குச் சோடனை வேலைக்குப் போயிருந்த இப்ஹாமை வரச்சொன்னார்கள். பின்னேரம், அஸர் தொழுகை முடிந்து முஹ்ஸினின் வீட்டு ஹோலில் கூடினார்கள். மௌலவி, பழைய சாட்சிகளான றிஸ்வியும் மச்சானும், இப்ஹாம். உள்ளறைத் திரைச்சீலைக்குப் பின்னால் ஆஸிகாவும் நுஸ்ஹாவும். ஒரு வார்த்தைதான், சொன்னால் எல்லாம் முடிந்தது.

இப்ஹாம் தலையைக் குனிந்துகொண்டு, சொல்கிறேன், ஆனால் தந்தவர் முன்னால்தான் சொல்லுவேன் என்றான். தந்தவர் இதோ இருக்கிறாரே என்றார் மௌலவி.

"இவரில்ல. எனக்குத் தந்தது பப்படம்."

பகிடி பண்ணுகிறான் என்று றிஸ்விக்குக் கோபம் வந்தது. ஆனால் பையனின் முகம் வெளிறியிருந்தது. றிஸ்வியின் கடையில் படமெடுத்த அன்றைக்கு, கமரா வருவதற்கு முன், முஹ்ஸின் தொழுகைக்கு வுழூ எடுக்க, கைகால் கழுவப் போயிருந்த நேரத்தில், கதிரையில் கிடந்த பொம்மை தன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது என்றான். நுஸ்ஹாவை விருப்பமா என்று கேட்டது. மேடைத் துணி வாங்க முஹ்ஸினின் கடைக்கு வரும்போது அவளைக் கண்டிருந்தான், ஓமென்று சொன்னான். கூலி வேலை செய்கிறவன் யாரிடம் இதைச் சொல்லுவான்? சொல்லாமலே ஒரு வருடம் இருந்துவிட்டான்.

மௌலவி பாதுகாப்புத் தேடி ஏதோ ஓதினார். பிறகு எரிச்சலோடு, அதையும் கொண்டுவாருங்கள், எல்லாவற்றையும் முன்னால் வைத்தே முடித்துவிடுவோம் என்றார். முஹ்ஸின் போய்க் கடையைத் திறந்து, மூடியிருந்த துணியோடு பப்படத்தைத் தூக்கிவந்தார். கையை உள்ளே விட்டார். சூடாக இருந்தது.

பப்படம் தலையைத் தூக்கியது. இப்ஹாமைப் பார்க்கவில்லை. திரைச்சீலைப் பக்கம் திரும்பி அகப்பையை நீட்டியது.

"செய்தியில ஒரு ஆள் குறையுது. எல்லாருக்கிட்டயும் கேட்டாச்சு. நுஸ்ஹாக்கிட்ட கேட்டது யாரு?"

திரையின் விளிம்பால் பார்த்துக்கொண்டிருந்த ஆஸிகா, 'யா அல்லாஹ்' என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கணவரின் உதடுகள் பூட்டியது போல இறுகியிருந்ததை அவள் கண்ணால் கண்டாள்.

உள்ளேயிருந்து நுஸ்ஹாவின் குரல் வந்தது. அழுகை இல்லை, நடுக்கமும் இல்லை.

"வாப்பா கேக்கல்ல. உம்மாவும் கேக்கல்ல. பப்படத்துட கோட்டுக்குப் பொத்தான் தெச்ச அண்டைக்கு அதுக்கிட்டத்தான் செல்லினேன். இப்ஹாமைத்தான் செல்லினேன்."

முஹ்ஸினுக்குத் தலை குனிந்துவிட்டது. மண்டபத்துக்காரனிடம் கேட்டார், சமையல்காரனிடம் கேட்டார், கம்பளைக்கு நாலு தரம் போய் அவர்களுக்கு எந்த நாள் தோது என்று கேட்டார். பெற்ற மகளிடம் மட்டும் கேட்கவில்லை. அவள் மாட்டேன் என்று சொல்லமாட்டாள் என்பது அவருக்கு முன்பே தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. வெட்கம் அவரை உயிரோடு தின்றது.

மௌலவி தாடியைத் தடவினார். இரண்டு வழி இருக்கிறது என்றார். இப்ஹாம் விட்டுவிடலாம், கம்பளைச் சம்பந்தம் நடக்கும். இல்லையென்றால், பெண்ணும் சம்மதிக்கிறாள், சாட்சிகளும் இருக்கிறார்கள், இந்த முறை தகப்பன் புத்தியோடும் சொந்த வாயோடும் கொடுக்கலாம். பதிவைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

"நீங்கதான் செல்லோணும், முஹ்ஸின் நானா. பொம்மை இல்ல."

கொடுத்த காட்களை நினைத்தார். ஷப்ராஸின் மாமன் தொடாமல் வைத்துவிட்டுப் போன தேநீர்க் கோப்பையை நினைத்தார். ஊர் வாயை மூட உலை மூடி ஏது? பிறகு திரைச்சீலையைப் பார்த்தார். அது அசையவில்லை.

கையைப் பொம்மையிலிருந்து எடுக்கப் பார்த்தார். உடனே வரவில்லை. உள்ளே மணிக்கட்டை எதுவோ ஒரு கணம் பிடித்திருந்து விட்டது போல் இருந்தது. பப்படத்தைப் பின்னாலிருந்த கதிரையில் வைத்துவிட்டு, இப்ஹாமுக்கு எதிரே உட்கார்ந்து, அவனுடைய வலது கையைத் தன் வலது கையால் பிடித்தார். தொண்டையைச் செருமினார். எழுந்துவிடுவார் என்றுதான் றிஸ்வி நினைத்தார். எழவில்லை. கரகரத்த, உடைந்த, யாரும் சபையில் கேட்டிராத தன்னுடைய குரலில், மகளின் பெயரைச் சொல்லி, தந்தேன் என்றார்.

"ஏற்றுக்கொண்டேன்" என்றான் இப்ஹாம்.

அதைச் சொல்லும்போது அவன் முஹ்ஸினைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்கு மேலால் பின்னாலிருந்த கதிரையைப் பார்த்து, அங்கிருந்து யாரோ எதையோ கேட்டதற்குப் பதில் போல, மெதுவாகத் தலையை ஆட்டினான். முஹ்ஸின் திரும்பவில்லை. பையனின் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.