உள்ளே விட்ட துணி

ஆண்டிமடத்தில் எங்கள் தெருவில் யார் வீட்டில் கல்யாணம் என்பது பத்திரிகை அடிக்கிறவருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். இருபது வருஷமாக வீட்டு முன்னறையில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருக்கிறேன். பட்டுப்புடவையிலிருந்து வெட்டிய ஜாக்கெட் துணி என் கைக்கு வந்த பிறகுதான் பந்தக்காலே நடுவார்கள். ஜூன் மாதம் பிறந்தால் அதே மேஜையில் பள்ளிக்கூட யூனிஃபார்ம் குவிந்துவிடும்.

யூனிஃபார்ம் கொண்டுவருகிற அம்மாக்கள் எல்லோரும் பேசிவைத்துக்கொண்ட மாதிரி ஒரே வார்த்தைதான் சொல்வார்கள். "வளர்ற புள்ளக்கா, உள்ள துணி விட்டுத் தைங்க." நானும் பக்கத்துக்கு இரண்டு இஞ்ச் உள்ளே மடித்து விட்டுத் தைப்பேன். அடுத்த வருஷம் தையலைப் பிரித்துவிட்டால் அதே உடுப்பு இன்னொரு வருஷம் ஓடும். கல்யாண ஜாக்கெட்டுக்கு அந்த மாதிரி விடுவதில்லை. உள்ளே துணி அதிகமிருந்தால் மொத்தையாகத் தெரியும், போட்டோவில் அசிங்கமாக விழும். முக்கால் இஞ்ச், மிஞ்சிப்போனால் ஒரு இஞ்ச். எந்த டெய்லரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், வைகாசிக் கடைசியில், நான்கு வீடு தள்ளி இருப்பவள் ஒரு பையோடு வந்தாள். முந்திரி உடைத்துப் பிழைக்கிறவள். முந்திரி ஓட்டுப் பால் பட்டுப் பட்டு அவள் விரலெல்லாம் கறுத்து, தோல் உரிந்து கிடக்கும். பட்டில் கறை ஏறிவிடும் என்று முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு பையைப் பிடித்திருந்தாள். உள்ளே மாம்பழ மஞ்சளில் அரக்கு பார்டர் வைத்த ஜாக்கெட் துணி. கூடவே அளவுக்கு ஒரு பழைய ஜாக்கெட்.

"யாருக்குடி?" என்றேன்.

"ஜெயங்கொண்டத்துல எங்க சின்னம்மா பொண்ணுக்குக்கா. அடுத்த மாசம் கல்யாணம். நீங்க நல்லா தைப்பீங்கன்னு சொல்லி வாங்கியாந்தேன்."

"பொண்ண ஒரு நட அழைச்சிட்டு வந்தா அளவெடுத்துடுவேன்ல?"

"அது எங்கக்கா வரப்போவுது? அதான் அளவு ஜாக்கெட் இருக்குல்ல."

இவ்வளவும் பேசும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. சுவரில் இருந்த காலண்டரோடு பேசிவிட்டுப் போய்விட்டாள்.

அளவு ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பினேன். கடைசிக் கொக்கியைத் தைத்து முடிக்கும்போது நூலை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவது என் பழக்கம். அந்த மூன்று சுற்று அதில் இருந்தது. அவளுடைய மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்கு நான் தைத்துக் கொடுத்த ஜாக்கெட் அது. நடுவில் ஒரு தடவை பக்கம் பிரித்துக் கொடுத்ததும் நான்தான். ஜெயங்கொண்டத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

ஒரே அளவில் இரண்டு பெண்கள் இருக்கக் கூடாதா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். புளுகிலும் ஒரு தரம் வேண்டாமா? எனக்கு நானே சொல்லிக்கொண்டதிலேயே மட்டமான புளுகு அதுதான்.

மூன்றாம் நாள் அவளுடைய மகளே வந்து நின்றாள். பத்தாவது பாஸ் பண்ணி, பதினொன்றாம் வகுப்பில் சேர அட்மிஷன் போட்டிருந்தாள். கையில் புது யூனிஃபார்ம் துணி, அம்மா வாங்கிக் கொடுத்தது. பதினாறு வயது இன்னும் முடியவில்லை. நின்ற இடத்தில் நிற்கத் தெரியாத பெண்.

"பயாலஜி குரூப் கெடச்சிருச்சு டெய்லரக்கா. ப்ளஸ் டூ முடிச்சிட்டுப் பெரம்பலூர்ல லேப் டெக்னீஷியன் படிக்கப் போறேன். எனக்கு ஊசின்னா பயம். குத்துறவளே நானா இருந்தா பயம் இருக்காதுல்ல?"

"குத்து வாங்கப் போறவன் பாடுதான் திண்டாட்டம்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். இஞ்ச் டேப்பை வைத்து உயரம் எடுக்கும்போது குதிகாலைத் தூக்கினாள். தலையில் ஒரு தட்டுத் தட்டி நேராக நிற்கவைத்தேன். போன வருஷத்தைவிடத் தோள் அரை இஞ்ச் கூடியிருந்தது.

அப்போது மேஜையில் இருந்த மஞ்சள் பட்டு அவள் கண்ணில் பட்டுவிட்டது.

"ஐய்! செம கலரு. யாருக்குக்கா?"

"ஜெயங்கொண்டத்துல ஒரு பொண்ணுக்காம்."

"குடுத்து வெச்சவ" என்று துணியை எடுத்துத் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள்.

"கொண்டா இங்க, கசங்கிடும்" என்று பிடுங்கிவைத்தேன். போயிட்டு வரேன்க்கா என்று குதித்து ஓடினாள். அவள் அம்மா என்னிடம் சொன்ன பொய்யை நான் அவளிடமே சொல்லியிருந்தேன்.

எல்லாம் முன்னாலேயே காதில் விழுந்ததுதான். பொண்ணு போனில் யாரிடமோ பேசுகிறாள் என்று அவள் அம்மா குழாயடியில் புலம்பியிருந்தாள். அதற்கப்புறம் அந்த அம்மாவின் தம்பி, அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறவன், ஒரே மாதத்தில் மூன்று தடவை பூவும் பழமுமாக வந்து போனான். முப்பது வயதுக்காரன். முறை மாமன். இதில் கூட்டிப் பார்க்க என்ன இருக்கிறது?

பள்ளிக்கூடச் சுவரில் இலவச போன் நம்பர் ஒன்று எழுதியிருக்கும். குழந்தைகளுக்கு ஏதாவது நடந்தால் கூப்பிடச் சொல்லி. அன்று மத்தியானம் அந்த நம்பரைப் போட்டேன். ஒரு ரிங் போனதும் கட் பண்ணிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர்களே திருப்பிக் கூப்பிட்டார்கள். சின்ன வயதுப் பெண் குரல். "வணக்கம், கூப்பிட்டிருந்தீங்களே, சொல்லுங்க."

"ராங் நம்பர்ம்மா" என்றேன்.

கூப்பிட்டவர் பெயரை வெளியே சொல்ல மாட்டார்களாம். எங்கள் தெருவில் அதைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. விஷயம் அவர்கள் வீட்டை விட்டு வெளியே வந்ததே என் மேஜைக்குத்தான். ஆபீஸர் ஜீப் வந்தால் அந்தப் பெண்ணின் அம்மா நேராக என் வாசலில் வந்து மண்ணை வாரித் தூற்றுவாள். இது ஒரு காரணம். இன்னொன்றைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. எனக்கும் அந்த வயதில்தான் கல்யாணம் ஆயிற்று, நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று ஒரு நினைப்பு.

என் ஊர் திருமழபாடி. அங்கே பங்குனியில் நந்திக்குக் கல்யாணம் நடக்கும். அதைப் பார்த்தவர்களுக்குச் சீக்கிரம் கல்யாணம் கூடிவரும் என்று நம்பிக்கை. எட்டாவது படிக்கும்போதே என்னை முன்வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நந்தி என் விஷயத்தில் ரொம்பவே சுறுசுறுப்பு. பதினைந்து வயதில், பெரியம்மா மகளின் ஜாக்கெட்டை நாலு ஊக்குக் குத்திப் போட்டுக்கொண்டு மணையில் உட்கார்ந்தேன். தாலி கட்டும்போது தோளிலிருந்து ஜாக்கெட் நழுவியது. ஓர் ஊக்கு விலாவில் குத்திக்கொண்டே இருந்தது. கத்தினால் அபசகுனம் என்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முதல் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. இரண்டாவது பிழைத்தது. அப்புறம் தையல் கற்றுக்கொண்டேன். சாகவில்லை, உண்மைதான்.

அந்த மஞ்சள் ஜாக்கெட்டை வெட்டும்போது என் கை பக்கத்துக்கு இரண்டு இஞ்ச் விட்டு வெட்டியது. ஜாக்கெட்டின் கைப்பகுதியிலும் மடிக்கத் துணி விட்டிருந்தது. நான் யோசித்துச் செய்யவில்லை. வெட்டி முடித்த பிறகுதான் பார்த்தேன். குறைத்து வெட்டியிருக்கலாம், செய்யவில்லை. மொத்தை தெரியாதபடி அயர்ன் பண்ணி அழுத்திக் கொடுத்தேன். யூனிஃபார்மையும் தைத்து முடித்து, அவள் வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்று ஆணியில் மாட்டினேன்.

ஆனி முதல் வாரத்தில் அவர்கள் வீடு பூட்டிக் கிடந்தது. கல்லங்குறிச்சிப் பெருமாளுக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போகிறோம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனார்களாம். மூன்று நாள் கழித்து அம்மாவும் அப்பாவும் மட்டும் திரும்பி வந்தார்கள். தாலி எந்தக் கோயிலில் கட்டினார்களோ, நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் போனதும் அந்த அம்மாவைக் கூப்பிட்டு, "யூனிஃபார்ம என்னடி பண்றது?" என்றேன்.

முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தாள். "அந்தத் துணிய வாங்கிக் குடுக்கலேன்னா அவளுக்குச் சந்தேகம் வந்திருக்கும்க்கா. எங்கயாவது ஓடிட்டான்னா நா என்ன பண்ணுவேன்? எங்க வூட்லயும் என்னைய அப்பிடித்தான் தள்ளி வுட்டாங்க." கறுத்த விரல்களால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுதாள். நான் தண்ணீர் கொடுத்தேன். அவளைத் திட்டுவதற்கு எனக்கு ஏது வாய்?

அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டேன். கல்யாண ஜாக்கெட்டுக்கு அளவு ஜாக்கெட் வாங்குவதில்லை, பொண்ணை நேரில் அழைத்து வர வேண்டும். ரொம்ப யோக்கியமான காரியம் செய்துவிட்ட மாதிரி கொஞ்ச நாள் நிமிர்ந்து நடந்தேன். போன வைகாசியில் ஒருத்தி, பொண்ணை அழைத்து வா என்றதும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேறு டெய்லரிடம் போய்விட்டாள். அவ்வளவுதான் என் சட்டம். போனில் ஒரு நாள், எங்கேயோ கடல் தாண்டிய தேசத்தில், பொம்மை மாதிரி வெள்ளைக் கவுன் போட்டு உட்காரவைத்திருந்த ஒரு சிறுமியின் கல்யாண வீடியோ வந்தது. பார்த்தவர்களெல்லாம் அப்பனைத் திட்டி எழுதியிருந்தார்கள். நான் கவுனைப் பார்த்தேன். இடுப்பில் உள்ளே துணி மடித்துத் தைத்திருந்தது. அந்த ஊரிலும் என்னை மாதிரி ஒருத்தி இருக்கிறாள்.

இந்தத் தை மாதம் நான்கு வீடு தள்ளி இருப்பவளின் மகள் என்னைத் தேடி வந்தாள். இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. பதினெட்டு இன்னும் ஆகவில்லை. கன்னம் ஒட்டி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தவள், அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. குழந்தையைக் கொஞ்சுகிற சாக்கில் அவள் முகத்தைப் பார்க்காமல் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

பையிலிருந்து அந்த மஞ்சள் ஜாக்கெட்டை எடுத்தாள். "சித்திக்கு வளைகாப்புக்கா, பட்டு கட்டணும். புள்ள பொறந்ததுலேருந்து இது பத்தல. பால் குடுக்குறேன்ல."

"அதுக்கென்ன, பிரிச்சு விட்டுடலாம்."

"துணி இருக்குக்கா. பாத்தேன்." ஜாக்கெட்டை அவளே உள்பக்கம் திருப்பி என் முன்னால் வைத்தாள். "அரியலூர்ல ஒரு டெய்லர்கிட்டதான் மொதல்ல கொண்டு போனேன். அவங்க சிரிச்சாங்க. கல்யாண ஜாக்கெட்டுல யாரும்மா இவ்ளோ துணி விடுவா, ஸ்கூல் யூனிஃபார்முக்குத்தான் இப்பிடி விடுவாங்கன்னாங்க."

நான் கத்தரியைத் தேடினேன். அது கையிலேயே இருந்தது.

"நா இன்னும் வளருவேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குல்லக்கா?"

கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

"ஆமா" என்றேன்.

"அன்னிக்கு நா இத தோள்ல போட்டுப் பாத்தனே."

"ஆமா."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நா எங்க டீச்சர் வூட்டுக்காவது ஓடியிருப்பேன்."

குழந்தை இஞ்ச் டேப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. அவள் அதை எடுத்துத் துடைத்துச் சுருட்டி மேஜையில் வைத்தாள். "பிரிச்சுக் குடுங்கக்கா. அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போவணும்."

பிரித்தேன். இரண்டு பக்கமும் முழுசாக விட்டு, புதுத் தையல் போட்டேன். வெயில் படாத உள்துணி இரண்டு பட்டையாகப் புது மஞ்சளில் வெளியே வந்தது. பின்னால் ஆணியில் அந்த யூனிஃபார்ம் இன்னும் பிளாஸ்டிக் கவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கேட்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

உள்ளே போய் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். கையைத் தூக்கி, முதுகைத் திருப்பி, அதே கண்ணாடியில் பார்த்தாள்.

"கரெக்டா இருக்குக்கா" என்றாள்.