லூர்துராணி காருக்கு மேட் வாங்கினாள்

லூர்துராணி பன்னிரண்டு வருஷம் கைலாசபுரத்தில் பள்ளிக்கூட வேனில் ஆயாவாக இருந்தவள். பிள்ளைகளை எண்ணி ஏற்றி, எண்ணி இறக்கி, வாந்தி எடுத்தவனுக்கு முதுகைத் தடவிவிட்டு, நடுவே ஓட்டுநர் கியர் மாற்றுவதையும் பார்த்துக்கொண்டே வந்தாள். நாற்பத்தேழு வயதில், "இதை நானே செய்யலாமே" என்று தோன்றிவிட்டது. லைசென்ஸ் டெஸ்டில் இரண்டு தடவை கோட்டை விட்டு, மூன்றாவது தடவை தேறினாள். இப்போது சொந்தமாக ஒரு பழைய வெள்ளைக் கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறாள்.

சவாரி பெரும்பாலும் திருச்சி ஜங்ஷனிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு. வருகிறவர்கள் முதலில் காவிரிக்கரையில் அம்மா மண்டபம் படித்துறையில் முழுக்குப் போடுவார்கள். பிறகு மணலும் ஈரமுமான காலோடு, சொட்டுகிற துணிமூட்டையோடு காரில் ஏறிக் கோயிலுக்குப் போவார்கள். இந்தக் காரை முன்பு வைத்திருந்தவர் போட்ட துணி மேட்தான் உள்ளே கிடந்தது. அது காவிரியை ஆசை தீரக் குடிக்கும், திருப்பித் தராது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஏறி உட்கார்ந்த பெரியவர் ஒருவர் மூக்கைச் சுளித்தார்.

"ஏம்மா, வண்டியில கருவாடு எதுவும் ஏத்துனீங்களா?"

"இல்லைங்க சார். காவேரித் தண்ணிதான்."

அவர் நம்பவில்லை. ராஜகோபுரம் வரும்வரை தலையை ஜன்னலுக்கு வெளியிலேயே வைத்திருந்தார். லூர்துராணிக்கு முகம் சுண்டிப் போயிற்று. கருவாடு அவளுக்குப் பிடிக்கும்தான். அதற்காகக் கோயிலுக்குப் போகிற வண்டியில் ஏற்றுகிற அளவுக்கு அவள் விவரம் கெட்டவளா?

மறுநாள் காலை சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நவ்ஷாத்தின் கார் சாமான் கடைக்குப் போனாள். கையில் ஒரு துணிப்பை.

"வாங்கக்கா, உட்காருங்க. இந்த செவன் டி மேட்டைப் பாருங்க. போட்டா வண்டி கல்யாண மண்டபம் மாதிரி ஆயிடும்" என்றான் நவ்ஷாத்.

தோல் போன்ற மேட். கட்டம் கட்டமாகத் தங்க நிறத் தையல். லூர்துராணி தடவிப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து ஒரு பொட்டலம் மணலையும் ஒரு பாட்டில் தண்ணீரையும் எடுத்து வைத்தாள்.

"கொட்டிப் பாக்கலாமா தம்பி?"

நவ்ஷாத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. "கடையிலயாக்கா?"

"என் வண்டியில ஏறுறவங்க கேட்டுக்கிட்டா கொட்டுறாங்க?"

வேறு வழியில்லாமல் ஒரு சாம்பிளை வாசலில் விரித்தான். மணல் தையல் வரிகளில் போய் உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் ஊசித் துளைகளில் இறங்கியது. ஓரிடத்தில் அமுக்கினால் இன்னோரிடத்தில் கசிந்தது. அடுத்து, சுருள் சுருளாகப் பின்னிய நூடுல்ஸ் மேட் வந்தது. கொட்டிய மணல் மாயமாய் மறைந்தது.

"பாத்தீங்களா, மண்ணே தெரியல!"

"தெரியலைன்னா போயிடுச்சுன்னு அர்த்தமா?" என்று அதைத் தூக்கிப் படியில் அடித்தாள். பாதி மணல் விழுந்தது. பாதி உள்ளேயே குடியிருந்தது. "இது காய ஒரு நாள் ஆகும். அதுவரைக்கும் ஜனங்க காலை மடியிலயா வெச்சுக்குவாங்க?"

கடைசியில் நவ்ஷாத் அரைமனதாக மேல் தட்டிலிருந்து ஒரு கறுப்பு ரப்பர் மேட்டை இறக்கினான். நாலு ஓரமும் தாம்பாளம் மாதிரி இரண்டு விரல்கடை உயர்ந்திருந்தது. "அழகா இருக்காதுக்கா."

லூர்துராணி பாட்டிலில் மிச்சமிருந்ததை எல்லாம் ஊற்றினாள். ஒரு சொட்டு வெளியே போகவில்லை. கவிழ்த்தாள், ஒரு துடைப்பு துடைத்தாள், காய்ந்துவிட்டது.

"அழகை நான் பாத்துக்கறேன். இதைக் குடு."

பின்பக்கம் போட்டு முடித்து, ஓட்டுநர் பக்கம் வந்தபோது நவ்ஷாத் பழைய துணி மேட்டின் மேலேயே புதிதை வைத்தான். "இருக்கட்டும்க்கா, காலுக்கு மெத்துனு இருக்கும்."

லூர்துராணி இன்ஜினைப் போடாமல் உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தாள். கீழே போன பெடல் மேலே வரவில்லை. நழுவி வந்த மேட்டின் ஓரம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"தம்பி, இங்க வா. நான் காலை எடுத்துட்டேன். பெடல் வரலை பாரு."

குனிந்து பார்த்த நவ்ஷாத்துக்கு வியர்த்தது.

"எத்தனை பேருக்கு இப்படிப் போட்டுக் குடுத்தே?"

அவன் பழையதை உருவி எறிந்துவிட்டு, புது மேட்டைத் தரைக் கொக்கியில் இறுக்கி மாட்டினான். அவள் கிளம்பும்போது கடை நோட்டைப் புரட்டி யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தான். "அண்ணே, வண்டியை ஒரு தடவை கொண்டாங்க, சும்மா பாக்கத்தான்" என்பது காதில் விழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. புதுப்பெண் பவித்ரா, அவள் கணவன், மாமியார் மலர்க்கொடி. ஆற்றில் முழுகி, சொட்டச் சொட்ட மூட்டையோடு ஏறினார்கள். அவர்களைக் கோபுர வாசலில் இறக்கிவிட்டு, லூர்துராணி பக்கத்துத் தெருவில் வண்டியை நிறுத்தி, பின் மேட்டைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்க்கப் போனாள். தண்ணீருக்குள் ஏதோ மின்னியது. கையை விட்டு எடுத்தாள். வெள்ளி மெட்டி.

ஓட்டமும் நடையுமாகக் கோபுர வாசலுக்கு வந்தாள். மாமியார் பூக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். பவித்ரா இடது காலை வலது காலுக்குப் பின்னால் ஒளித்தபடி, அழாத குறையாக நின்றாள். லூர்துராணிக்குப் புரிந்துவிட்டது.

"பாப்பா, கர்ச்சீப்பை வண்டியில விட்டுட்டீங்க. வந்து எடுத்துக்குங்க."

பவித்ரா தன் கையிலிருந்த கர்ச்சீப்பைப் பார்த்து விழித்தாள். லூர்துராணி கண்ணைக் காட்டவே, பின்னாலேயே வந்தாள். கார்க் கதவு மறைவில் மெட்டியைக் கையில் வைத்ததும் அந்தப் பெண்ணுக்கு மூச்சு வந்தது.

"ஆத்தோட போச்சுன்னே நினைச்சேன்க்கா. அத்தைக்குத் தெரிஞ்சா..."

"மாட்டிக்கிட்டு ஓடு."

தரிசனம் முடிந்து ஜங்ஷனுக்கு வந்து சேர்ந்தார்கள். பிள்ளையும் மருமகளும் மூட்டைகளோடு முன்னால் போனார்கள். மலர்க்கொடி மட்டும் லூர்துராணி பக்கம் குனிந்தாள்.

"கர்ச்சீப் எந்த விரல்ல மாட்டுறதுங்க?"

லூர்துராணி திருதிருவென்று விழித்தாள்.

"நானும் கல்யாணமான மறுவாரம் இதே ஆத்துல ஒண்ணை விட்டேன். என் மாமியார் சாகுற வரைக்கும் அது அவங்களுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டு, மலர்க்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ரயிலைப் பிடிக்க நடந்தாள்.