நாலாவது டேவிட்

கொடைரோட்டுக்கு மேலே மலையில் ஒரு கவர்னர் பங்களா இருந்தது. கட்டியவன் காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரன். சமவெளி வெயில் பெண்டாட்டிக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று கட்டினான். குளிரும் ஒத்துக்கொள்ளாமல் அவள் அங்கேயே போய்ச் சேர்ந்தாள். பிறகு சர்க்கார் வாங்கி, கோடையில் ஆறு வாரம் கவர்னர் வந்து தங்குகிற வீடாக்கியது. மீதி நாற்பத்தாறு வாரமும் அந்த வீட்டைக் கட்டிக் காத்தவர் சமையல்காரர் கிதர் முகம்மது, திண்டுக்கல் பேகம்பூர்க்காரர்.

முப்பத்தாறில் அவர் வேலைக்குச் சேர்ந்த அன்றே பட்லர் சொல்லிவிட்டான்: "இங்க சமையக்காரன் பேரு டேவிட்."

முதன்முதலில் இருந்த சமையல்காரன் பேர் அது. ஆறு வாரம் வந்து போகிற துரைகளுக்கு அடுத்தவன் பேரைப் படிக்கப் பொறுமையில்லை. அதனால் யார் வந்தாலும் டேவிட்தான், ரிஜிஸ்டரிலும் டேவிட்தான். கிதர் நாலாவது டேவிட். வயிற்றுப்பாடு, சரி என்றார்.

நாற்பத்தேழில் கொடி மாறியது, கூடத்துப் படம் மாறியது, சூப்புக்குப் பதில் ரசம் வந்தது. இப்போதாவது தன் பேரை எழுதச் சொல்லி கிளார்க்கிடம் போய் நின்றார். "ரிஜிஸ்டரைத் திருத்த மெட்ராஸ் உத்தரவு வேணும்யா, போய் வேலையைப் பாரு" என்றான் அவன். ஒரு தேசத்துக்கே சுதந்திரம் கொடுத்தவர்களுக்கு ஒரு சமையல்காரனின் பேரைக் கொடுக்க முடியவில்லை.

இதை அவர் ஊரில் மூச்சு விடவில்லை. பள்ளிவாசல் தெருவில் டேவிட் என்ற பேர் தெரிந்தால், கிதர் மார்க்கத்தை விட்டுப் போய்விட்டான் என்றுதான் பேசுவார்கள். வீட்டுக் கடுதாசிகூடப் பங்களா விலாசத்துக்கு வரக் கூடாதென்று கொடைரோடு ஸ்டேஷன் டீக்கடை விலாசத்தைக் கொடுத்திருந்தார்.

ஐம்பத்தெட்டில் ஓய்வு பெற்று ஊர் திரும்பியதும் பங்களாக் கதையை அளந்து தள்ளினார். எந்தப் பலகை மிதித்தால் முனகும், எந்த துரைசாணி நாயைப் புதைத்துக் கல் நட்டாள் என்று எல்லாம் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். "கவர்னருக்குச் சமைச்ச கையி இங்க வந்து வெஞ்சனத்துக்கு வெங்காயம் உரிக்குதாக்கும்" என்றார்கள்.

அறுபத்தொன்றில் பங்களாவுக்கு நூறு வயசு. சரித்திரம் எழுத மெட்ராஸ் அதிகாரி ஒருவர் வந்து இரண்டு நாள் கிதரிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். கிதர் தன் பேரை மூன்று தடவை நிறுத்திச் சொன்னார். அதிகாரியும் எழுதிக்கொண்டார்.

அந்தச் சமயம் மகள் தாஹிராவைத் தோல் வியாபாரி சனாவுல்லா வீட்டில் பெண் கேட்டிருந்தார்கள். பையனுக்கும் அவளுக்கும் பிடித்துப்போய், தேதி வைப்பது ஒன்றுதான் பாக்கி. அப்போது புத்தகம் தபாலில் வந்தது. கிதருக்கு இங்கிலீஷ் தெரியாது. படத்தில் தலைப்பாகையோடு தன் முகத்தைப் பார்த்தார், அது போதும். அப்படியே சம்பந்தியிடம் கொண்டுபோய் நீட்டினார்.

சனாவுல்லா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "டேவிட், சமையக்காரர், முப்பத்தாறுலருந்து அம்பத்தெட்டு வரைக்கும்னு பங்களா ரிஜிஸ்டர்படி போட்டிருக்கு. மொகம் உங்க சாடையாவுல்ல இருக்கு." பிறகு நிமிர்ந்தார். "பாய், அங்க பேரை மாத்திக்கிட்டீங்களா?"

அடுத்த பக்கத்தில் நாயின் கல்லறைக்கும் ஒரு படம் இருந்தது. அதன் சொந்தப் பேரே போட்டிருந்தது.

ஆமாம் என்றால் தாஹிராவின் நிக்காஹ் அங்கேயே முறிந்துவிடும். கிதர் இருபத்திரண்டு வருஷத்தையும் ஒரே மூச்சில் விழுங்கினார்.

"அது நான் இல்லே. டேவிட்டுன்னு ஒருத்தரு இருந்தாரு. நான் அவருகிட்ட பாத்திரம் தேச்சேன்."

சனாவுல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்திரம் தேச்சதுக்கா இம்புட்டு அளப்பு? சரி விடுங்க பாய்" என்று நல்ல மனசோடு தேதி வைத்தார்.

மகள் கல்யாணத்துக்குத் தானே சமைப்பதாகக் கிதர் கேட்டுப் பார்த்தார். "பெரிய எடத்து ஆளுங்கள்லாம் வாராங்க பாய். கல்யாணச் சமையலுக்குப் பேர்போன மீரான் சமைக்கட்டும். நீங்க மேப்பார்வை பாத்துக்கங்க" என்றார் சனாவுல்லா. அவர் மனசில் கள்ளம் இல்லை. அதுதான் கிதருக்கு இன்னும் எரிந்தது.

மீரான் பிரியாணிக்கு தம் போட்டிருந்தபோதே கிதருக்கு வாசத்தில் தெரிந்துவிட்டது, அடி பிடிக்கிறது என்று. நெருப்பை இழுத்தால் போதும். பக்கத்தில் நின்ற மனைவி ஷரீஃபாவுக்கும் மணம் தட்டியது.

"மீரானுகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றாள்.

"பாத்திரம் தேய்க்கிறவன் சொன்னா எவன் கேப்பான்?"

மேல்சோற்றைத் தின்றவர்கள் மீரானைப் புகழ்ந்துவிட்டுப் போனார்கள். பந்தி முடிந்ததும் கிதர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, கருகிப்போன அந்த அண்டாவுக்குள் தலையை விட்டுச் சுரண்ட ஆரம்பித்தார்.